தமிழறிவுப் போட்டியில் முதன்மை யாருக்கு?

ஆண்டுதோறும் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளின் முடிவுகள் வெளிவருங் காலத்து, எங்கள் குடாநாட்டு ஆசிரியர் கூடங்களில் ஒரு கணக்கெடுப்பு நிகழ்வது வழக்கம். வடமாகாணத்துக்கு எத்தனை முதலிடம், கிழக்குக்கு எத்தனை, மத்திய மாகாணத்துக்கு எத்தனை என விரல்விட்டு எண்ணுவர். எண்ணிக்கை மிகுந்தால், "தமிழ் எங்கே இருக்கிறதென்று இப்போதாவது தெரிந்ததோ?" என்பார் ஒருவர். குறைந்தால், "யாழ்ப்பாணத்துத் தமிழ் போய்விட்டது" என்று பெருமூச்செறிவார் மற்றொருவர். ஒருவர் மகிழ்கிறார், ஒருவர் வருந்துகிறார். ஆயினும் இருவர் கூற்றும் ஒரு கொள்கையையே அடியாகக் கொண்டவை. பரிசுப் பட்டியல் என்பது தமிழறிவை நிறுக்கும் தராசு என்பதே அக்கொள்கை. அத்தராசு கோடாது நின்று நிறுக்கின்றதா என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்போட்டிகளுட் பேச்சு, பாவோதல், கட்டுரை, கவிதை, நாடகம், விவாதம் எனப் பல உள. அவற்றுள் நான் இங்கே சிறப்பாக எடுத்துக்கொள்வது தமிழறிவு வினாவிடைப் போட்டியை. ஏனையவற்றில் நடுவரின் சுவைக்கும் விருப்புக்கும் ஓரளவு இடமுண்டு. வினாவிடையிலோ விடை சரி அல்லது பிழை, இடைப்பட்டது ஒன்றில்லை. ஆதலின், 'இதுவன்றோ கலப்பற்ற அறிவுப் போட்டி. இதில் வென்றவரே தமிழறிந்தவர்' என்ற எண்ணம் எளிதில் எழுந்துவிடுகிறது. பாடசாலையில் தொடங்கி, வலயம், மாகாணம் என்னும் படிகளைக் கடந்து, நாட்டின் ஒன்பது மாகாணங்களிலுமிருந்து வரும் அணிகள் இறுதியில் ஒருவரையொருவர் எதிர்கொள்கின்றனர். வென்ற அணியின் பெயரை மறந்துவிட்டு மாகாணத்தின் பெயரை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். ஒரு பாடசாலையின் சில பிள்ளைகள் பெற்ற வெற்றி, ஒரு மாகாணத்துத் தமிழின் வெற்றியாகிவிடுகிறது. அவர்களின் தோல்வியும் அவ்வாறே.

இத்தகைய பெருமிதம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிற் காணல் தகும். 1857 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கறல் விசுவநாதபிள்ளை மற்றையவர். சென்னை மாகாணம் முழுவதற்குமாக நடந்த தேர்வில், கடல்கடந்து சென்ற இருவரே முன்னின்றனர் என்றால் அது சிறிய செய்தியன்று. அத்தாமோதரனாரே பின்னர் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தவர். நாவலர் பெருமான் வினாவும் விடையுமாகச் சைவ வினாவிடையை எழுதி, வினாவிடை என்னும் உரைவடிவையே எங்கள் திண்ணைகளில் நிலைபெறச் செய்தார். இவ்வழி வந்தோமாதலின், வினாவிடை எங்கள் முதுசொம் என்று நாம் எண்ணுவதில் வியப்பில்லை.

ஆயினும் அதே வரலாற்றில் மற்றோர் ஏடும் உண்டு. பாண்டித்துரைத் தேவர் 1901 இல் தொடக்கிய மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதத் தேர்வு, தமிழறிவுக்கு அக்காலத்தில் விளங்கிய பெருந்தேர்வு. அதில் ஈழத்தவருள் முதன்முதல் தேறிப் பண்டிதரானவர் யார்? யாழ்ப்பாணத்தவரல்லர். கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார். பின்னாளில் விபுலாநந்த அடிகள் எனப் போற்றப்பெற்றவர். ஆண்டு 1916. எங்கள் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் அத்தேர்விலே தேறியது 1926 இல், பத்தாண்டுகளின் பின்னர். இதனால் பண்டிதமணியின் பெருமை அணுவளவும் குறைவதில்லை. ஆண்டுகளை வைத்துப் புலமையை அளக்கலாகாது என்பதே இதனாற் பெறப்படுவது. அங்ஙனமாயின், பரிசுகளை வைத்து மாகாணங்களை அளப்பது மட்டும் எவ்வாறு பொருந்தும்?

இனி, வினா என்பதன் இயல்பை நோக்குவோம். பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாக வகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. ஆசிரியன் தான் விடையை அறிந்துவைத்துக்கொண்டு, மாணாக்கன் அறிவானோ என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. மாணாக்கன் தான் அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. வினாவிடைப் போட்டி முழுவதும் அறிவினாவால் ஆயது. விடையைக் கேட்பவர் முன்னரே எழுதி வைத்திருக்கிறார். அவர் தாளில் உள்ள சொல் பிள்ளையின் வாயில் வருகிறதா என்பதே சோதனை. எண்வகை விடையுள்ளும் நேராக உரைக்கும் விடைக்கே புள்ளி உண்டு. 'ஆடுவாயா?' என்றவழிப் 'பாடுவேன்' என்று சொல்லும் இனமொழி விடை இலக்கணத்தில் ஏற்கப்பட்டதேயாயினும், போட்டி மேடையில் அதற்குக் கிடைப்பது சுழியம்.

இதிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. அறிவினாவில் வெல்பவன், கேட்பவர் அறிந்ததை அறிந்தவன். ஆகவே, கேட்பவர் எந்த ஊரவர், எந்த நூல்களைக் கற்றவர், எவற்றை இலக்கியம் என மதிப்பவர் என்பது போட்டி தொடங்குமுன்னரே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. வினா தொகுப்பவர் எவருக்கும் ஓரவஞ்சனை செய்ய நினைப்பதில்லை. தமக்கு எளிதில் நினைவு வருவதையே அவர் கேட்கிறார், அவ்வளவே. எளிதில் நினைவு வருவது அவரவர் ஊரும் அவரவர் குருவும் அன்றோ?

ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். 'ஈழத்தின் முதற் தமிழ் நாவல் யாது?' என்பது வினாவிடைப் போட்டிகளுக்கு மிகவும் உவப்பானதொரு வினா. கண்டி சித்திலெப்பை எழுதி 1885 இல் வெளிவந்த அசன்பே சரித்திரம் என்பது ஒரு விடை. திருகோணமலை இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை, 1891 இல் வந்தது, என்று சொல்வாரும் உளர். அதே திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி, 1895 இல் வந்தது, வரலாற்று நாவல் என்ற வகையில் முதன்மை பெறும். 1856 இல் யாழ்ப்பாணத்தில் அச்சான காவலப்பன் கதையை முன்வைப்பாரும் இல்லாமலில்லை. அது மொழிபெயர்ப்பு என்று மற்றையோர் தள்ளுவர். நாவல் எது, கதை எது, தழுவல் எது என்ற ஆராய்ச்சி முடியுமுன் இதனை அறிவினாவாகக் கேட்டல் கூடாது. இஃது ஐயவினா. நான்கு விடைக்கும் நான்கு நியாயம் உண்டு. தாளில் ஒன்றே எழுதப்பட்டிருக்கும்போது, எஞ்சிய மூன்றைப் படித்த பிள்ளை தோற்றுப்போகிறது. அப்பிள்ளை அறியாமையாற் தோற்கவில்லை. வேறொரு நூலைப் படித்தமையாற் தோற்றது.

இனி, நூலிற் படிக்கும் தமிழ் ஒருபுறமிருக்க, வாழ்விற் பயிலும் தமிழை எண்ணிப் பார்ப்போம். மட்டக்களப்பில் வடமோடியும் தென்மோடியும் வட்டக்களரியில் ஆடப்படுகின்றன. கண்ணகி வழக்குரை கோயில்களில் ஆண்டுதோறும் படிக்கப்படுகிறது. வசந்தன் பாடல்கள் வாய்வழி வாழ்கின்றன. வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் 1964 இல் வெளிவந்து இச்செல்வத்தைத் தொகுத்துக் காட்டியது. மன்னாரிலே கத்தோலிக்க மக்களிடையே வாசாப்பு என்னும் நாடகவகை வழங்குகிறது. மலையகத்தில் காமன்கூத்தும் அருச்சுனன் தபசும் உண்டு, சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்துப் பேணினார். இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கு நாடெங்குமுள்ள முஸ்லிம் பாடசாலைகள் உரிமை பூண்டவை. சித்திலெப்பை 1882 இல் முஸ்லிம் நேசன் என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தியவர் என்பதை எங்கள் பிள்ளைகளுள் எத்தனைபேர் அறிவர்? இலக்கணமும் நிகண்டும் புராணபடனமும் எங்கள் பங்கு. இவற்றுள் எது தமிழ், எது தமிழன்று?

சில ஆண்டுகளுக்கு முன், கல்விச் சுற்றுலாவாக யாழ்ப்பாணம் வந்த மலையகத்து மாணவர் சிலருக்கும் எங்கள் மாணவருக்கும் நட்புமுறையில் ஒரு வினாவிடை நடத்தினோம். முற்பாதி வினாக்களை நாங்கள் தொகுப்பது, பிற்பாதியை அவர்களின் ஆசிரியர் தொகுப்பது என்பது ஏற்பாடு. முற்பாதியில் எங்கள் பிள்ளைகள் வெகுவாக முன்னேறினர். இடைவேளையில் தேநீர் பரிமாறும்போது, விருந்தினருள் ஒரு சிறுமி தன் ஆசிரியரிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்ப நாம படிச்சது தமிழ் இல்லையா, சேர்?" அவ்வாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, அவள் தலையைத் தடவிவிட்டார்.

பிற்பாதி தொடங்கிற்று. "பிரட்டு என்றால் என்ன?" என்று கேட்டார் அவர். எங்கள் அணியில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் எழுந்து, "ஏமாற்று, ஐயா. புரட்டு என்பதன் திரிபு" என்றான். அச்சிறுமி சிரித்துவிட்டாள். "இல்லைங்க. விடியக்காலையிலே ஆள் கணக்கெடுத்து, யாருக்கு எந்த மலையிலே வேலையின்னு பிரிச்சுவிடுற எடம்" என்று விளக்கினாள். பின்னர் எங்கள் முறை வந்தபோது, ஒரு வேடிக்கைக்காக அவளிடம், "பிள்ளை, கதியால் என்றால் என்ன?" என்று கேட்டேன். வேலிக்கு நாட்டும் தடியை அவள் எங்ஙனம் அறிவாள்? ஒருகணம் சிந்தித்து, "கதி என்ற பெயரோட ஆல் உருபு சேர்ந்தது, ஐயா. மூன்றாம் வேற்றுமை" என்றாள். மண்டபம் சிரிப்பொலியால் நிறைந்தது. நான் சிரிக்கவில்லை. இலக்கணப்படி அவ்விடையில் யாதொரு குறையும் இல்லை. சொல் தன் ஊருக்கு உரியதன்று என்று கண்டதும், எல்லா ஊருக்கும் பொதுவான இலக்கணத்தைத் துணைக்கொண்டு விடை கண்டாள் அப்பிள்ளை. அதனினும் சிறந்த தமிழறிவை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. ஆயினும் போட்டி விதிப்படி அதற்குப் புள்ளி இல்லை.

இறுதியில் இரு அணிகளும் ஏறக்குறையச் சமமாக நின்றன. முற்பாதியோடு நிறுத்தியிருந்தால் யாழ்ப்பாணம் வென்றது என்றும், பிற்பாதியை மட்டும் கொண்டால் மலையகம் வென்றது என்றும் செய்தி போயிருக்கும். பிள்ளைகள் அவர்களே, அறிவும் அதுவே. மாறியது வினாத்தாள் ஒன்றுதான்.

வினாத்தாள் ஒருபுறமிருக்க, வாய்ப்பு வேற்றுமையையும் கருதுதல் வேண்டும். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கப்பெற்றது. மலையகத் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கியதோ 1970 களில். ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி இது. அவ்விடைவெளியைக் கடந்துவந்து எங்களோடு ஒரே மேசையில் அமரும் பிள்ளை, இரண்டாம் இடம் பெற்றாலும் எத்துணைத் தூரம் ஓடிவந்திருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

எங்கள் சொந்த வரலாறும் இதற்குச் சான்று. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 இல் யாழ்தேவி குடாநாட்டுக்கு வருவது நின்றது. மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அது அடைந்தது 2014 இல். கண்டி வீதி 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, 2009 இல் மறுபடி திறந்தது. 1995 ஒக்டோபரிலே குடாநாட்டில் ஊரோடு ஊர் பெயர்ந்தது. அவ்வாண்டுகளில் எங்கள் பிள்ளைகள் கொழும்புக்குச் சென்று ஒரு போட்டியில் அமர்வதே அரிதாயிருந்தது. அக்காலத்துப் பரிசுப் பட்டியலை எடுத்துவைத்து, 'யாழ்ப்பாணத்தில் தமிழ் இல்லை' என்று ஒருவர் முடிவு கட்டினால் நாம் ஒப்புவோமா? ஒப்போம். அந்த நியாயத்தை மற்றையோருக்கும் வழங்குவதுதானே முறை?

மேலும், மாகாணத்தோடு மாகாணத்தை ஒப்பிடும்போது, மாகாணத்தினுள்ளே இருக்கும் வேற்றுமை மறைந்துபோகிறது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் உள. நகரத்துப் பெருங் கல்லூரியின் அணிக்குப் பழைய மாணவர் பயிற்சியளிப்பர், நூலகம் உண்டு, முன்னைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக உண்டு, மாலையில் ரியூட்டரியும் உண்டு. நெடுந்தீவுப் பிள்ளைக்கோ, ஒரு போட்டிக்கு வெளியூர் செல்வதென்றால் முதலிற் கடல். படகேறிக் குறிகட்டுவான் துறையில் இறங்கி, அங்கிருந்து பஸ். காற்றுக்காலமாயின் அதுவும் உறுதியில்லை. வடமாகாணம் முதலிடம் பெற்ற ஆண்டிலும் அப்பிள்ளைக்கு அதில் என்ன பங்கு? 'நாங்கள் வென்றோம்' என்பதில் உள்ள 'நாங்கள்' யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.

ஒப்பிடும் அளவுகோலால் விளையும் துன்பத்தை எங்கள் மக்களைப் போல் அறிந்தவர் சிலரே. 1970 களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, மொழியை வைத்தும் மாவட்டத்தை வைத்தும் பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். 'எந்த அளவுகோல் கொண்டு எங்களை அளக்கிறீர்கள்?' என்று அன்று நாம் கேட்டோம். கேட்டது நியாயம். அளவுகோல் நமக்குச் சாதகமாய் இருக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்பவனே நடுவுநிலை உடையவன்.

பிறநாட்டார் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று காண்பதும் பயன்தரும். அமெரிக்காவில் கல்லூரி மாணவர் அணிகளுக்கான வினாவிடை 1953 இல் வானொலியிலே தொடங்கிற்று. கனடாவில் 1961 இலும் இங்கிலாந்தில் 1962 இலும் இவ்வகைப் போட்டிகள் தொலைக்காட்சியில் இடம்பெற்றன. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளுக்கு நாடளாவிய இறுதிப்போட்டிகள் இன்றும் நடைபெறுகின்றன. அங்கும் எந்த மாநிலத்து அணிகள் சிறந்தவை என்ற வாதம் ஓய்வதில்லை. மனிதர் எங்கும் ஒருவகையினரே. ஆனால் அவ்வாதத்துக்கு அவர்கள் இரு நல்ல கருவிகளை உண்டாக்கியிருக்கின்றனர்.

முதலாவது, படிவினா. வினா ஒரு வரியில் முடிவதில்லை. பல குறிப்புக்களைக் கொண்ட ஒரு பந்தியாக வாசிக்கப்படுகிறது. அரிய குறிப்பு முதலில், எளியது இறுதியில். விடை தெரிந்தவன் இடைமறித்து மணியை அழுத்தலாம். ஆழமாகக் கற்றவன் முந்துவான். மேலோட்டமாகக் கற்றவன் இறுதிவரை காத்திருப்பான். எங்கள் பாட்டிமார் நொடி போடும்போது, பிள்ளை விழித்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் குறிப்புக் கொடுப்பார்களே, அதனைத் தலைகீழாக ஒழுங்குபடுத்திய முறையெனக் கொள்ளலாம்.

இரண்டாவது, மேல்வினா. முந்திச் சரியான விடை சொன்ன அணிக்கு மட்டும், மூன்று பகுதி கொண்ட வேறொரு வினா தரப்படும். பகுதிக்குப் பத்தாக முப்பது புள்ளி. இதில் எதிரணி குறுக்கிடமுடியாது. ஆகையால், ஓரணி மேல்வினா ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை புள்ளி பெற்றது என்ற கணக்கு, எதிரணியின் வலிமையைச் சார்ந்ததன்று. ஒரே வினாத்தொகுதியைப் பல மாநிலங்களிலும் பயன்படுத்துவதால், ஒருவரையொருவர் கண்டிராத அணிகளையும் இச்சராசரி கொண்டு ஒப்பிடுகின்றனர். வென்றார், தோற்றார் என்னும் இரு சொற்களைக் காட்டிலும் இது நுண்ணிய அளவு. நம் செய்தித்தாள்களிற் காண்பதோ முதலாமிடம், இரண்டாமிடம் என்னும் பட்டியல் மட்டுமே. மெலியவரோடு பொருது வென்றவனும், வலியவரோடு பொருது ஒரு புள்ளியால் தோற்றவனும் அப்பட்டியலில் மேலும் கீழுமாக நிற்பர்.

படிவினாவைத் தமிழில் ஆக்கினால் எங்ஙனம் இருக்கும்? நான் ஒன்றைப் புனைந்து காட்டுகிறேன். 'இவர் 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. மட்டக்களப்பில் 1929 இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தோடு இவர் பெயர் பிரிவின்றி இணைந்துள்ளது. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழரின் இசைக்கருவி பற்றி இவர் ஆராய்ந்தெழுதிய பெருநூல் 1947 இல் அரங்கேறிற்று. யார் இவர்?' விடை விபுலாநந்த அடிகள் என்பதை இறுதி வரியில் எல்லோரும் அறிவர். ஆனால் முதற் குறிப்பில் மானிப்பாய்ப் பிள்ளை மணியை அழுத்தலாம். மூன்றாங் குறிப்பில் மட்டக்களப்புப் பிள்ளை அழுத்தலாம். பேராதனையைச் சூழ்ந்த பாடசாலைப் பிள்ளை பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டவுடன் அழுத்தலாம். அவரவர் ஊரின் வழியாகவே அவரவர் ஒரே மனிதரிடம் வந்து சேர்கின்றனர். அத்துடன், கிழக்கிற் பிறந்த ஒருவர் வடக்கில் அதிபராயிருந்தார் என்ற செய்தியையும், விடை சொல்லாத பிள்ளைகள் கேட்டு அறிந்துகொள்கின்றனர். வினாவே பாடமாகிறது.

இவற்றை நோக்கி, நம் போட்டிகளுக்கு நான் வேண்டுவன சில. ஒன்று, வினாத்தொகுதியில் ஒரு பாதி எல்லோர்க்கும் பொதுவான இலக்கணம், சங்க நூல், திருக்குறள், காப்பியம் என்பவற்றிலிருந்தும், மறுபாதி ஒவ்வொரு பிரதேசத்துத் தமிழிலிருந்தும் அமைதல் வேண்டும். பிற்பாதியை அவ்வப் பிரதேசத்து ஆசிரியரே தொகுத்தல் வேண்டும். இரண்டு, அறிஞரிடையே முடிவு காணாத பொருளை ஒற்றை விடை வினாவாகக் கேட்டலாகாது. மூன்று, போட்டி முடிந்தபின் வினாக்களும், பகுதிவாரியாக ஒவ்வோரணியும் பெற்ற புள்ளிகளும் வெளியிடப்படல் வேண்டும். இலக்கணத்தில் எந்த வலயம் மெலிந்தது, நாட்டார் இலக்கியத்தில் எது மெலிந்தது என்று அப்போதுதான் தெரியும். தெரிந்தாலன்றோ மருந்து செய்யலாம்? பரிசுப் பட்டியல் நோயைச் சொல்வதில்லை.

நான்காவதாக ஒன்றுண்டு, அதுவே எனக்கு உயிரானது. போட்டி முடிந்தபின் ஒரு மணி நேரம், எல்லா அணிகளையும் ஒருங்கிருத்தி, பிள்ளைகள் ஒருவரையொருவர் வினாவ விடுதல் வேண்டும். அங்கே புள்ளியில்லை, மணியில்லை. 'எங்களூரில் இல்லாத இக்கூத்தை நீங்கள் எங்ஙனம் ஆடுவீர்கள்?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அது அறியாவினா. கல்வி தொடங்குவது அவ்வினாவில்தான். அறிவினாவை மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளை, விடை தெரியாத இடத்தில் வாய்மூடி இருக்கக் கற்றுக்கொள்கிறது. அறியாவினாவைக் கேட்கத் துணிந்த பிள்ளை ஆயுள் முழுதும் மாணாக்கனாய் வாழும்.

இதற்கு எழக்கூடிய தடையை நான் அறிவேன். 'ஊருக்கு ஊர் வினா வைத்தால் தரம் தாழ்ந்துவிடும். இலக்கண மரபு அழிந்துவிடும்' என்பர் என் நண்பர் சிலர். இலக்கணத்துக்கு நான் பகைவனல்லன். என் ஊணும் உடையும் அது தந்தவை. நன்னூல் பவணந்தியாருடையது, யாழ்ப்பாணத்தாருடையதன்று. அதைக் கொழுந்து கொய்யும் தாயின் மகளும், வட்டையில் நெல் விளைப்பவர் மகனும் நம்மளவு கற்கும்போதுதான் அம்மரபு வாழும். கூத்தையும் வாசாப்பையும் நாட்டார் பாடலையும் எங்கள் பிள்ளைகள் கற்றால் நன்னூல் குறைந்துபோவதில்லை. மாறாக, இலக்கண விதிக்கு உயிருள்ள எடுத்துக்காட்டுக்கள் கிடைக்கும். 'தரம்' என்று நாம் சொல்வது பல சமயங்களில் 'எங்களுக்குப் பழக்கமானது' என்பதற்கு மறுபெயராகவே இருக்கிறது.

நூல் கிடையாமை என்ற பழைய குறைக்கும் இன்று ஒருவாறு பரிகாரம் உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையவழி எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. பண்டாரவளையிலும் முல்லைத்தீவிலும் நெடுந்தீவிலும் உள்ள பிள்ளை, இணைய வசதி மட்டும் கிடைக்குமாயின், ஒரே ஏட்டை ஒரே நாளிற் புரட்டலாம். ஒரு நூலகம் எரிந்த துயரை அறிந்த எங்களுக்கு, எரியாத நூலகம் ஒன்றின் அருமையை எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. அதனை மாணவருக்குக் காட்டி, யாழ்ப்பாணத்து ஆசிரியர் மட்டக்களப்பு நூல் ஒன்றையும், மட்டக்களப்பு ஆசிரியர் மலையக நூல் ஒன்றையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வகுப்பிற் படிப்பித்தால், ஐந்தாண்டுகளில் நம் போட்டிகளின் முகமே வேறாகும்.

ஆசிரியத் தோழர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு முடிவுகள் வெளிவரும்போது மாகாணக் கணக்கெடுப்பதை ஒருநாள் ஒத்திவையுங்கள். அன்று உங்கள் அணியை அழைத்து, 'எத்தனை விடை சொன்னீர்கள்?' என்று கேளாது, 'மற்றைய அணிகளிடமிருந்து எதைப் புதிதாய்க் கேட்டு வந்தீர்கள்?' என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் அதற்கு விடை இருக்குமாயின், கிண்ணம் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் கவலையில்லை. தமிழ் நம் ஊருக்கு வந்திருக்கிறது.